மூன்றாவது ஓலை

சேசு மரி சூசை

ஆவூர்,
13-2-1967

தம்பி லூர்துநாதனுக்கு அக்காள் ஞானமணி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சான் மைக்கேல்சாமியும் உடம்பால் சுகம். மனசைப் பற்றி நீ கேட்க வேண்டாம். உன் சுகத்தைக் கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன்.

இரண்டு வாரமாக வெளியே தலைகாட்ட முடியவில்லை. உன் பெயரையும் மரிய செல்வி பெயரையும் சேர்த்து இரண்டு ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "காலஞ்சென்ற சந்தனராஜ் மகன் லூர்துநாதனும் காலஞ்சென்ற மரியசெல்வம் மகள் மரிய செல்வியும் விவாகம் செய்ய இருக்கிறார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக்கடவார்கள். அறிந்தும் மறைப்பவர்கள் பாவத்துக்கு உள்ளாவார்கள்." உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தபோது நான் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் உன் தந்தி வருகிறது. லீவு ரத்து, கல்யாணத்தை நிறுத்தவும். ஏன், எதற்கு, எப்போது வருவாய், ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். உன் மச்சான் எழுந்து, "வாசிக்க வேணாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தார். "தடை என்னமோ இருக்கு போல" என்று ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கப்பலில் போகிற உனக்குக் கொச்சியில் ஒரு குடும்பம் இருக்கிறதாம். அங்கே இரண்டு பிள்ளைகளையும் உனக்குப் பெற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

மரிய செல்வி உன் மச்சானின் கூடப் பிறந்தவள். நானும் அவளும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறோம். பந்தலுக்கு வெட்டி வைத்த மூங்கிலை அவளே தூக்கிப்போய் மாட்டுக் கொட்டகையில் போட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் ஓலையை மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னார். அதற்குள் வா. வர முடியாதென்றால் காரணம் எழுது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு ஒரு காரணமாவது வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் ஞானமணி


கடற்படைத் தபால் மூலம்,
பம்பாய்
20-3-1967

மரியாதைக்குரிய அக்காவுக்கு லூர்துநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகமும் மச்சான் சுகமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போகவில்லை. கொச்சியில் எனக்குக் குடும்பமும் இல்லை, குட்டியும் இல்லை. காரணம் இருக்கிறது, எழுத அனுமதி இல்லை. எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஒரு படிப்புக்காகத் தூரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், இஞ்சின் வேலை சம்பந்தமானது, அவ்வளவுதான் சொல்லலாம். திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கடிதங்களைப் பம்பாய்க்கே போடுங்கள், எனக்கு வந்து சேரும்.

மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மரிய செல்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஏதாவது நீங்களாகச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
லூர்துநாதன்


சேசு மரி சூசை

ஆவூர்,
9-4-1967

தம்பிக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் சுகம், நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன்மேல் கோபம் இருந்தாலும் வேண்டாமல் இருக்க முடியவில்லை, அதுவும் ஒரு கோபம்தான்.

நீயாகச் சொல்லு என்கிறாயே, நான் என்ன சொல்வது? நீ சொல்லாததையா சொல்வது? ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று உன் மச்சானிடம் சொன்னேன். "ஒந் தம்பி பேச்ச இனி இந்த வீட்டுல எடுக்காத" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பாஸ்கு திருநாளுக்கு ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போனது. நாங்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

போதாக்குறைக்குக் குளம் வற்றிவிட்டது. போன வருஷம் வாங்கிய ஆயில் இஞ்சின் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு சத்தம்தான் போடுகிறது. தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால் அங்கிருந்து அதனால் உறிஞ்ச முடியவில்லை. கிணற்றுப் பாறையில் பாதி ஆழத்தில் ஒரு தட்டு வெட்டி, இஞ்சினையே அதில் இறக்கி வைத்துவிட்டால் தண்ணீர் எடுக்கலாம் என்கிறார் உன் மச்சான். குன்றாண்டார்கோவில் பக்கம் அப்படிச் செய்திருக்கிறார்களாம். நம் கிணற்றை வெட்டிய சேவுகன்தான் தட்டு வெட்டுகிறான். அவன் பெண்சாதி சொர்ணம் மண் சுமக்கிறாள். இஞ்சின் படிப்புப் படிக்கப் போனவன் நீ, இங்கே இருந்திருந்தால் இதற்காவது உதவியிருப்பாய்.

அக்காள்,
ஞானமணி


பம்பாய் வழியாக
2-6-1967

அக்காவுக்கு லூர்துநாதன் வணக்கம். சுகம், சுகமே கேட்கிறேன்.

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன். இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. எந்தக் காரணம் கொண்டும் கூடாது. பயிர் காய்ந்தால் காயட்டும். இறக்கியிருந்தால் மேலே ஏற்றிவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அதை எழுத ஆரம்பித்தால் நான் என்ன படிக்கிறேன், எங்கே இருக்கிறேன் என்பதும் வெளியே வந்துவிடும். நான் சொன்னேன் என்பதற்காகவாவது கேளுங்கள். மச்சானுக்கு என்மேல் உள்ள கோபத்தைக் கிணற்றில் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எனக்கு உடனே பதில் வேண்டும்.

தம்பி,
லூர்து


சேசு மரி சூசை

ஆவூர்,
30-6-1967

தம்பிக்கு அக்காள் எழுதுவது. யாவரும் சுகம்.

நல்லா இருக்குடா உன் நியாயம். கல்யாணத்தை நிறுத்து என்பாய், காரணம் கிடையாது. இஞ்சினை நிறுத்து என்பாய், அதற்கும் காரணம் கிடையாது. நீ யார், ராஜாவா? கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். "கப்பல் மேல நின்னு காத்து வாங்குறவனுக்குக் கெணத்தப் பத்தி என்னா தெரியும்? ஏந் தங்கச்சிய நிறுத்திப்புட்டான், இப்ப ஏங் கெணத்தையும் நிறுத்தப் பாக்குறான்" என்றார். ஒருவேளை உன் கடிதத்தில் காரணம் ஒன்று இருந்திருந்தால் காதில் போட்டிருப்பார். கோபக்காரர்தான், மூடர் இல்லை.

சரி, உனக்கு இந்தக் கவலை வேண்டாம். இஞ்சின் மேலேதான் இருக்கிறது. நீ உன் படிப்பைப் பார்.

மரிய செல்வி முதல் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டு இரண்டாம் பூசைக்கு, ஆள் குறைவாக இருக்கும்போது போய் வருகிறாள்.

அக்காள்,
ஞானமணி


பம்பாய் வழியாக
10-9-1967

அன்புள்ள அக்காவுக்கு லூர்துநாதன் எழுதிக்கொள்வது. சுகமாக இருக்கிறேன். இங்கே இப்போதே குளிர் எலும்பைக் கடிக்கிறது.

இஞ்சின் மேலேதான் இருக்கிறது என்ற வரியை எத்தனை தடவை படித்தேனோ. நிம்மதி. மச்சான் சிரித்ததைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. சிரித்தாரே, அது போதும்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை, நானே எழுதுகிறேன். உடுப்பு, போர்வை, தலைமுடி, தின்கிற ரொட்டி எல்லாவற்றிலும் டீசல் வாடை. ஒரே படுக்கையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம், அவன் எழுந்த சூட்டில் நான் படுக்க வேண்டும். குளிக்கத் தண்ணீர் கிடைப்பது அபூர்வம். சில நாள் காது அடைத்துக்கொண்டு வலிக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

ஓலையின் ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதை எழுதாமல் விட்டீர்கள். நன்றி என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

தம்பி,
லூர்துநாதன்


சேசு மரி சூசை

ஆவூர்,
31-12-1967

தம்பிக்கு அக்காள் எழுதுவது. பிறக்கப்போகும் வருஷத்தில் எல்லாருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். பழைய வருஷத்தில் கிடைத்தது போதும்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல். நம் நாட்டுக்கு முதல் நீர்மூழ்கிக் கப்பல் ருஷ்யாவில் கிடைத்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. குளத்தூர் போய்வந்த உன் மச்சான் பொட்டலம் கட்டி வந்த பேப்பர் அது. மரிய செல்விதான் பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய்க் கறையோடு அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் முன்னால் போட்டாள். "குளிரு, காதுவலி, குளிக்கத் தண்ணி இல்ல. கப்பல் மேல இருக்குறவருக்கு எதுக்கு அண்ணி காது வலிக்குது?" என்று கேட்டாள். நீ எழுதியதை எல்லாம் அவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். லூர்து, நீ இருப்பது அதுதானா? கடலுக்கு அடியில் போகிற இரும்புப் பெட்டியா? அதற்காகவா ஒரு பெண்ணை ஊர் வாயில் போட்டுவிட்டுப் போனாய்?

இங்கே சேவுகனுக்குத்தான் உடம்பு சரியில்லை. கிணற்றில் இறங்கி ஏறும்போதெல்லாம் தலைவலியும் வாந்தியும். உன் மச்சானுக்கும் ஒருநாள் கால் தள்ளாடியது. கிணற்றில் என்னமோ இருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தீர்த்தம் தெளித்தோம். சொர்ணம் தன் பங்குக்கு முனிக்குச் சேவல் அறுத்தாள். பார்ப்போம்.

ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

அக்காள்,
ஞானமணி


பம்பாய் வழியாக
4-2-1968

அக்கா,

ஆமாம், நீர்மூழ்கிதான். பேப்பரில் வந்துவிட்டபடியால் இந்த அளவு எழுதலாம் என்று அதிகாரியிடம் போராடி அனுமதி வாங்கியிருக்கிறேன். நாங்கள் அடுத்த கப்பலுக்கான ஆட்கள். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. விருப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்கள், நான்தான் கையைத் தூக்கினேன். அறுபத்தைந்து சண்டையில் எதிரிகளிடம் ஒரு நீர்மூழ்கி இருந்தது, நம்மிடம் ஒன்றுகூட இல்லை. அது எங்கே இருக்கிறதோ என்று எங்கள் கப்பலில் எல்லாரும் தண்ணீரையே வெறித்துக்கொண்டு நின்றோம். ஒன்றே ஒன்று, கண்ணில்கூடப் படவில்லை, அத்தனை பேரையும் தூங்கவிடாமல் செய்தது. பெரிய படை இல்லாத நாட்டுக்கு இதுதான் வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அந்த ஆத்திரத்தில் தூக்கிய கை.

தண்ணீருக்கு மேலே இருக்கும்போது இதில் டீசல் இஞ்சின் ஓடி பாட்டரிகளில் மின்சாரம் ஏற்றும். உள்ளே முழுகியதும் இஞ்சினை அணைத்துவிட்டு பாட்டரியில் போவோம். சத்தம் இருக்காது. பாட்டரி தீர்ந்தால் கொஞ்சம் மேலே வந்து, காற்றுக்கு ஒரு குழாயை வெளியே நீட்டிக்கொண்டுதான் மறுபடி இஞ்சினைத் தொடுவோம். அலை அந்தக் குழாயை மூடிவிட்டால் இஞ்சின் எங்கள் காற்றைக் குடிக்கும். அப்போதுதான் காது வலிக்கும்.

இப்போது நான் கேட்கிறேன். இஞ்சின் மேலே இருக்கிறது என்றால் கிணற்றில் இறங்குகிற சேவுகனுக்கு ஏன் தலை வலிக்கிறது? மச்சானுக்கு ஏன் கால் தள்ளாடுகிறது? அக்கா, நீ பொய் சொல்லியிருக்கிறாய். பேயும் இல்லை, முனியும் இல்லை. இஞ்சின் புகையில் ஒரு விஷம் இருக்கிறது, அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் ஆள் விழுந்துவிடுவான். இதைத்தான் எங்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். தலைக்கு மேலே வானம் தெரிகிறதே என்று நம்பாதீர்கள், கிணறும் மூடிய பெட்டிதான்.

இந்தத் தாள் கையில் கிடைத்த நிமிஷம் இஞ்சினை நிறுத்திவிட்டு மேலே ஏற்றுங்கள். அதுவரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அப்படியே ஒருவன் விழுந்துவிட்டாலும் அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கக் கூடாது. இறங்குகிறவனும் விழுவான். பெற்ற பிள்ளையே விழுந்து கிடந்தாலும் இறங்கக் கூடாது.

லூர்து


சேசு மரி சூசை

ஆவூர்,
10-3-1968

தம்பிக்கு.

சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. சேவுகனைப் புதைத்து ஒரு வாரம் கழித்து.

இஞ்சின் திடீரென்று திணறியதும் என்னவென்று பார்க்க உன் மச்சான்தான் முதலில் இறங்கினார். தட்டின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். சேவுகன் கயிற்றைப் பிடித்து இறங்கி, அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "இழுங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தான். இழுத்தோம். உன் மச்சான் மேலே வந்தார். கயிற்றை அவிழ்த்து மறுபடி கீழே விட்டோம், அதைப் பிடிக்க அவன் கை வரவில்லை. இஞ்சின் தானாக நின்ற பிறகு வெகுநேரம் கழித்துத்தான் அவனை எடுத்தார்கள். உன் மச்சான் பிழைத்துவிட்டார். பேச்சு இன்னும் குழறுகிறது. இஞ்சினைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போட்டிருக்கிறோம், யாரும் அதன் பக்கம் போவதில்லை.

முதல் தடவையாக என்னை நீ என்று எழுதியிருக்கிறாய். எழுது. நான் பொய் சொன்னது நிஜம். நீ கூடாது என்று எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள். நீங்கள் இருவரும் இன்னும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்று மேலே இருக்கிறது என்று எழுதினேன். ஆனால் நீ? ஜூன் மாதமே உனக்கு எல்லாம் தெரியும். கூடாது, கூடாது என்று எழுதினாயே, புகையில் விஷம் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால் எந்த ராணுவ ரகசியம்டா போய்விடும்? கப்பல் என்ற வார்த்தையே வேண்டாம். இஞ்சின் தெரிந்தவன் யாரும் எழுதக்கூடிய வரி அது. அதை எழுதினால் எப்படித் தெரியும் என்று நான் கேட்பேன், கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தாய். கண்ணில் படாமல் இருப்பதுதான் பலம் என்று எழுதியிருக்கிறாய். கப்பலுக்கு அது பலமாக இருக்கட்டும். எங்களிடம் எதற்கு ஒளிந்தாய்? நாங்கள் உனக்கு எதிரியா?

உன் கடிதத்தைச் சொர்ணத்தின் வீட்டுக்கு எடுத்துப்போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுதிய பொய்யையும் சொன்னேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை. அவள் அழவில்லை. "தெரிஞ்சவரு ஏம்மா சொல்லல?" என்றாள். பிறகு, "தெரிஞ்சு நீங்க ஏம்மா மறைச்சீங்க?" என்றாள். முதல் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஞானமணி


ஆவூர்,
28-7-1968

அத்தானுக்கு மரிய செல்வி எழுதுவது. உங்கள் சுகம் அறிய விரும்புகிறேன். உங்களுக்குக் கடிதம் எழுதும் முறை எனக்கு இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருந்தால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லப்போவதில்லை.

நாலு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மறுபடி உள்ளே முழுகிவிட்டீர்கள். அண்ணி உங்களுக்கு எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எழுத வேண்டாம் என்று சேவுகண்ணன் வீட்டார் சொல்லவில்லை, அண்ணிதான் உங்கள்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். எனக்கு இரக்கம் இல்லை.

அண்ணன் விழுந்ததும் கயிற்றைப் பிடித்து முதலில் இறங்கப் போனது நான். என் கால் கிணற்றுக்குள் தொங்கிவிட்டது. சேவுகண்ணன்தான் என் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் தள்ளினார். "நீ பொம்பளப்புள்ள, அங்கிட்டுப் போ தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றார். முழங்கையில் சிராய்ப்பு ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது.

நீங்கள் கையைத் தூக்கியபோது என்னை நினைத்தீர்களா என்று கேட்க மாட்டேன். நினைத்திருந்தாலும் தூக்கியிருப்பீர்கள், நாட்டுக்கு அது வேண்டும் என்றால் வேண்டும்தான். தூக்கிவிட்டேன் என்று ஒரு வரி எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் காத்திருப்பதாக நினைக்க வேண்டாம். கோபமாக இருக்கிறேன், அவ்வளவுதான். கோபம் தீராமல் வேறு இடத்துக்குப் போகவும் மனம் வரவில்லை.

சொர்ணக்காவுக்குப் பதில் எழுதுங்கள்.

மரிய செல்வி


பம்பாய் வழியாக
15-9-1968

மரியாதைக்குரிய அக்காவுக்கும், இதை அக்கா படிக்கக் கேட்கப்போகும் சொர்ணத்துக்கும், மரிய செல்விக்கும் லூர்துநாதன் எழுதுவது.

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப்போட்டேன். என்மேல் வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி எழுதினேன், அது உங்களுக்கு எதற்கு என்று கிழித்தேன். உங்கள்மேலும் கோபம் அக்கா, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மேலேதான் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நம்பிக்கொண்டு சுகமாகத் தூங்கினேன்.

சொர்ணம், உன் கேள்விக்குப் பதில். சொல்லத் தடை இருந்தது நான் இருக்கும் இடத்துக்கு. புகையைப் பற்றிச் சொல்ல யாரும் தடை போடவில்லை. அக்கா எழுதியிருப்பது சரி. எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று பயந்தேன். கேட்டால் இந்த வேலைக்கு நானே போனது தெரிந்துவிடும், மரிய செல்வி என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். எனக்குப் பெண் வேண்டும் என்பதற்காக உன் புருஷனைச் சாகவிட்டேன். இதைவிட நல்ல பதில் இருந்தால் எழுதியிருப்பேன்.

சேவுகன்தான் மரிய செல்வியைக் கிணற்றில் இறங்கவிடாமல் தள்ளிவிட்டிருக்கிறான். அதைப் படித்த அன்று இஞ்சின் அறையில் நிற்க முடியவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியே வந்தேன்.

அக்கா, ஒரு வேலை செய்யுங்கள். புகையைப் பற்றி நான் எழுதிய பக்கத்தை மட்டும் வெட்டி உபதேசியாரிடம் கொடுங்கள். எங்கள் மூன்றாவது ஓலை வாசிக்காமல் கிடக்கிறது. அந்த இடத்தில் இதை மூன்று ஞாயிறு வாசிக்கச் சொல்லுங்கள். கந்தர்வக்கோட்டை வரைக்கும் எங்கெல்லாம் கிணற்றுக்குள் இஞ்சின் கிடக்கிறதோ அங்கெல்லாம் தமுக்கடித்துச் சொல்லட்டும். என் பெயரைச் சொல்லியே சொல்லட்டும்.

தம்பி,
லூர்துநாதன்


சேசு மரி சூசை

ஆவூர்,
10-6-1969

தம்பி லூர்துநாதனுக்கு அக்காள் எழுதுவது.

விசாகப்பட்டினம் வந்து சேர்ந்துவிட்டாய், இருபதாம் தேதி முதல் லீவு என்ற கடிதம் கிடைத்தது. உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் குழறல் குறைந்திருக்கிறது. "ஓலையக் குடு" என்றார். உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. தங்கச்சியிடம் கேட்டார், அவள் சரி என்றாள், அதனால் சொன்னார். அவளும் உன்னை மன்னித்ததாக என்னிடம் சொல்லவில்லை. "நேருல வரட்டும் அண்ணி, திட்டுறதுக்காச்சும் ஆளு வேணும்ல" என்றாள்.

ஓலை மறுபடி முதலிலிருந்து. எட்டாம் தேதி ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். அங்கே நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

சொர்ணம் வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் கோயில் வாசலைத் தாண்டாதவள். புகையைப் பற்றிய தாளை மூன்று ஞாயிறு வாசித்தபோதுகூட வெளியே புளியமரத்தடியில் நின்றுதான் கேட்டாள். அன்றைக்கு உள்ளே வந்து பெண்கள் பக்கம் கடைசியில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். உபதேசியார் உங்கள் பெயர்களை வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்றதும் அவர் தாளை இறக்கிக் கதவுப் பக்கம் பார்த்தார். கோயில் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. மிச்சத்தை அவர் வாசித்து முடிக்கும்வரை அவள் கண் இமைக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

வெளியே வந்ததும் அவள் பின்னாலேயே ஓடினேன். எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "மூணு வாரம் கேப்பாங்களாமே, தடை தெரிஞ்சவுக சொல்லலாமுன்னு? மூணு வாரமும் வாரேன். சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுவேன்" என்றாள். அப்புறம் போகிற போக்கில், "கடைசி வாரத்துக்கு ஒங்க தம்பி இருப்பாராம்மா?" என்று கேட்டாள்.

ஓலை வாசிக்கிற ஞாயிறு மாப்பிள்ளை கோயிலுக்கு வருவது நம் ஊரில் வழக்கம் இல்லை. இருப்பான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

இருபத்திரண்டாம் தேதி மூன்றாவது ஓலை. ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார். "தடை அறிந்தவர்கள்" என்று வாசிக்கும்போது திரும்பி அவளைப் பார். எழுந்தால் உன் முகத்தைப் பார்த்து எழட்டும். அவள் எழுந்துவிட்டால் இந்தக் கல்யாணம் கிடையாது. மரிய செல்வியும் அதற்குச் சம்மதித்திருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்துக்கு யாரும் வர மாட்டோம். நேரே கோயிலுக்கு வா. சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அக்காள்,
ஞானமணி